எட்டு ஊது

மூன்றாவது குண்டு இலக்குக் காகிதத்தின் ஓரத்தைக் கிழித்துக்கொண்டு போனது. வெர்னா தொலைநோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்க?" என்றான் அவள் கணவன் ஹார்லன்.

"வலப்பக்கம். ஒரு ஜாண் மேல."

"இந்தக் கருமருந்துதான் சனியன். இன்னும் கொஞ்சம் குறைச்சு அடைக்கணும்."

குறைத்தும் பார்த்தான், கூட்டியும் பார்த்தான். குண்டுக்கு அடியில் வைக்கும் அட்டை வில்லையை மாற்றினான், ஈயத்தை உருக்கித் தகரம் கலந்து புதிதாக வார்த்தான். வசந்தம் முழுக்க இதே பாடு. முதல் இரண்டு குண்டும் ஒட்டி விழும், மூன்றாவதிலிருந்து ஒவ்வொன்றும் அதன் இஷ்டத்துக்குப் போகும். மோன்டானாவில் யார் துப்பாக்கியில் என்ன கோளாறு என்று கண்டுபிடித்துச் சொல்கிற மகாராசனுக்குத் தன் நெஞ்சு இழுப்பது மட்டும் காதில் விழவில்லை.

கருமருந்து வெடித்தால் துப்பாக்கிக் குழலில் கரி படியும். ஒவ்வொரு முறை சுட்ட பிறகும் ஊதுகுழாயை வைத்து ஊதி, மூச்சின் ஈரத்தில் அதை இளக்க வேண்டும். காய்ந்துவிட்டால் குண்டு தறிகெட்டுப் போகும். ஹார்லனுக்கு எப்போதும் எட்டு ஊது. பக்கத்தில் உட்கார்ந்து முப்பது வருஷமாக அதைக் கேட்டவள் வெர்னா. இப்போது ஐந்திலேயே இருமல் வந்துவிடுகிறது. எட்டும் ஊதியதாகவே அவன் நம்புகிறான்.

தானியக் கிடங்குத் தூசியைத் தின்ற நெஞ்சு அது. பரிசோதனைக்கு வரச்சொல்லி ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டு முறை கூப்பிட்டார்கள். "அங்கயும் ஒரு குழாயக் குடுத்து ஊதத்தான் சொல்வானுங்க. அதத்தான் வாராவாரம் இங்க செய்யறேனே" என்று ஃபோனை வைத்துவிட்டான்.

"குழலத் துடைச்சிட்டு மறுபடி சுடு. இந்தத் தடவ நான் ஊதறேன்" என்றாள் வெர்னா.

"நீயா? என்னத் திட்டவே உனக்கு மூச்சு பத்தாதே!"

"ரெண்டுக்கும் பத்தும். குடு, கிழவா."

அதே தோட்டாக்கள்தான். ஒவ்வொரு வெடிக்கும் பிறகு எட்டு முறை நீளமாக ஊதினாள். ஊதும்போதே வேண்டிக்கொண்டாள்: சிதறட்டும், கடவுளே, குற்றம் கருமருந்தில் இருக்கட்டும். அவன் குண்டு தவற வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டது அன்றுதான்.

மூன்றாவது நடுவில் விழுந்தது. நான்காவது அதை ஒட்டி. சுட்ட ஏழு குண்டுகளின் ஓட்டைகளையும் ஒரு காபிக் கோப்பையால் மூடிவிடலாம்.

"எங்க?"

அவள் தொலைநோக்கியை அவன் பக்கம் தள்ளினாள். அவனே எட்டிப் பார்த்தான்.

"பாத்தியா! என் தோட்டால ஒரு குறையும்..."

அவள் கையிலிருந்த ஊதுகுழாயையே பார்த்தான்.

"எப்பலேர்ந்து தெரியும்?"

"ஏப்ரல்லேர்ந்து."

"சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா கேட்டிருப்பியா?"

"மாட்டேன். ஈயத்து மேல பழி போட்டிருப்பேன்."

துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு அவளருகே வந்து உட்கார்ந்தான். அந்த இரண்டு அடிக்கே மூச்சு வாங்கியது.

"திங்கக்கெழம அந்த ஆஸ்பத்திரிக்கு ஃபோன் போடு" என்றான். பிறகு கேலி செய்கிற குரலில்தான் ஆரம்பித்தான், ஆனால் அவள் கையை இறுகப் பிடித்திருந்தான். "அவனுங்க குழாய நீட்டறப்ப, வெர்னா... அதையும் எனக்குப் பதிலா நீயே ஊதிடறியா?"