மூன்று நாள் ஈரச்சாக்கு

பட்டுப்புழு இலை தின்னும்போது, ஓட்டின் மேல் தூறல் விழுவதுபோல் கொட்டகையில் சத்தம் கேட்க வேண்டும். மூன்று நாளாகக் குறைந்துகொண்டே வந்து, இன்று காலை சுத்தமாக நின்றுவிட்டது. இன்னும் நாலு நாள் தின்றால்தான் கூடு கட்டும். நான் தட்டுக்குத் தட்டு ஓடிக்கொண்டிருந்தேன்.

"சாக்க அவுத்துடலாம் செல்வி. உள்ள நுழைஞ்சாலே பிசுபிசுன்னு கீது" என்றார் என் வீட்டுக்காரர் தீனதயாளன். மூன்று நாளாக இதே பாட்டு.

"பிசுபிசுப்பெல்லாம் கணக்குல வராதுங்க" என்றேன். இயற்பியல் படித்த திமிர், வேறென்ன.

ஈரம் காட்டும் மீட்டர் உடைந்துபோனதால் கணக்கைக் கையில் எடுத்திருந்தேன். காற்று எந்தச் சூட்டுக்கு ஆறினால் நீர் அரும்புமோ, அது பனிநிலை. காற்றின் வெப்பத்திலிருந்து அதைக் கழித்து, ஐந்தால் பெருக்கி, நூறிலிருந்து குறைத்தால் ஈரப்பதம் உத்தேசமாக வந்துவிடும். கொட்டகைத் தெர்மாமீட்டரில் 29. போனில் கள்ளக்குறிச்சியின் பனிநிலை 22. ஆக, 65. புழுவுக்குக் குறைந்தது எழுபது வேண்டுமே என்று, கோடையில் செய்வதுபோல் மூன்று நாள் முன்பு ஜன்னலை அடைத்து ஈரச்சாக்கு கட்டியிருந்தேன். அதுவும் கல்வராயன் மலையில் மேகம் கவிந்து, எங்கள் வடக்கனந்தல் முழுக்கத் தூறிக்கொண்டிருந்த வாரத்தில்.

அவர் ஒரு சொம்பு பிரிட்ஜ் தண்ணீரை வைத்துவிட்டு வெளியே போனார். சொம்பின் புறமெல்லாம் நீர் வழிந்தது. கொட்டகைக் காற்றின் பனிநிலையை இதிலேயே அளந்துவிடலாமே என்று தோன்றியது. இன்னொரு சொம்பில் சாதாத் தண்ணீர் ஊற்றி, தெர்மாமீட்டரைப் போட்டு, குளிர்ந்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தேன். 26-க்கு இறங்கியதுமே சொம்பில் நீர் அரும்பி மங்கியது.

ஈரப்பதம் எண்பத்தைந்து. வெளிக்காற்றின் பனிநிலையை எடுத்து, அடைத்துக்கிடந்த கொட்டகைக்குக் கணக்குப் போட்டிருக்கிறேன், முண்டம்.

அவரைக் கூப்பிட்டேன். சாக்குகளை அவிழ்த்தோம், ஜன்னல்களைத் திறந்தோம், ஈரத்தை உறிஞ்சச் சுண்ணாம்புத்தூள் தூவினோம். கீழ்வரிசையில் புழு கறுத்துச் செத்துக் கிடந்தது. ஐந்து தட்டுகளை அவரே குழியில் கொட்டிவிட்டு வந்தார்.

மத்தியானம் ஈரமில்லாத இலை போட்டோம். எனக்கு உட்கார முடியவில்லை. மறுபடி சொம்பை எடுத்தேன். வெப்பம் 28; சொம்பு 22-க்குத்தான் மங்கியது.

"இப்ப கணக்கு இன்னா சொல்லுது?" என்றார்.

"எழுபதுங்க. கணக்க விடுங்க. சத்தம் கேக்குதான்னு பாருங்க. எனக்கு பயமா இருக்கு."

அவர் வரிசை வரிசையாகக் காதை வைத்துக் கேட்டுக்கொண்டே போனார்.

"மேல்தட்டுல தின்னுகினு கீது" என்றார். மற்ற தட்டுகளில் நானும் காதை வைத்துக் கேட்கத் தொடங்கினேன்.