சும்மா கிடந்த எட்டு ஃபேடர்கள்

தையல்காரர் வீட்டுச் சண்டை காது பொறுக்காமல் போனால், அந்தத் தெருவில் யாரும் போய்ச் சமாதானம் பேசுவதில்லை. மூலையிலிருக்கும் ஒலிப்பதிவு ஸ்டுடியோவின் கதவைத் தட்டி, முப்பத்திநான்காம் நம்பர் ஃபேடரை இரண்டு விரற்கடை இறக்கச் சொல்வார்கள். இறக்கியதும் சண்டை நின்றுவிடாது. பக்கத்து அறையில் யாரோ செய்தித்தாள் புரட்டுகிற அளவுக்குச் சன்னமாகும், அவ்வளவுதான். சன்னமான குரலில் ஒருவரையொருவர் வாய்க்கு வந்தபடி திட்டுவது எவ்வளவு கஷ்டம் என்பது திட்டிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். பாதியிலேயே சிரிப்பு வந்துவிடும். தையல்காரருக்கும் அவர் மனைவிக்கும் அதற்கப்புறம் இரண்டு பிள்ளைகள் பிறந்தார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஃபேடர் என்பது ஒலிப்பதிவு மேஜையில் ஒவ்வொரு மைக்குக்கும் ஒன்றாக இருக்கும் பிடி. விரலால் மேலே தள்ளினால் சத்தம் ஏறும், கீழே இழுத்தால் இறங்கும். ஸ்டுடியோக்காரரின் மேஜையில் இப்படி நாற்பது இருந்தன. மைக் செருகச் சுவரில் இருந்த துளைகளோ முப்பத்திரண்டுதான். இந்தக் கணக்கு அவருக்குத் தெரியாமல் இல்லை. மனுஷனுக்கு ஒலிப்பதிவுச் சாமான்கள் என்றால் சின்ன வயதிலிருந்தே தலைகால் புரியாது. வேறு ஊரில் நல்ல மேஜை ஒன்று வந்திருப்பதாகக் கேள்விப்பட்டால் ராத்திரி பகல் பயணம் செய்து போய், அதன் முன்னால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். ‘தொட்டுப் பாருங்க’ என்று அவர்களே சொன்னாலும் தொடமாட்டார். பார்ப்பார், பெருமூச்சு விடுவார், திரும்பி வருவார். கடைசியில் தனக்கென்றே ஒன்று செய்யச் சொல்லி, பட்டறை அம்மாளிடம் போய் நின்றார். அந்த அம்மாள் மூன்று வருஷத்துக்கு ஒரு மேஜைதான் செய்வார், அதையும் தன் கையாலேயே பற்றவைத்துச் செய்வார்.

“முப்பத்திரண்டு போதும் சார். மிச்சம் எட்டையும் எதோட இணைக்கிறது?” என்று கேட்டார் அவர்.

“எதோடயும் இணைக்க வேண்டாம்மா. பார்க்க நீளமா, கண்ணுக்கு நிறைவா இருந்தாப் போதும்.”

“சும்மா கிடக்கட்டும்னு விட்டா அது சும்மா கிடக்காது சார். அப்புறம் என்னைக் குத்தம் சொல்லாதீங்க.”

மேஜை வந்து இறங்கிய அன்று தெருவே வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தது. பார்க்க வேண்டிய பொருள்தான், அதில் மிகைப்படுத்த ஒன்றுமில்லை. இரண்டு ஓரத்திலும் கருந்தேன் நிற மரம், கை வைத்துக்கொள்ள மெத்தென்ற தோல், ஒவ்வொரு ஃபேடருக்கும் மேலே கண்ணாடிக்குள் சத்தத்துக்கேற்ப ஆடும் ஒரு முள், அதற்குப் பின்னால் டீத்தண்ணி நிறத்தில் சின்ன விளக்கு. குமிழ்களைத் திருகினால் நல்ல பூட்டில் சாவி திரும்புவதுபோல மெல்லிய சத்தம். நடுவில், உள்ளறையில் பாடுகிறவரோடு பேசுவதற்கான சிவப்பு டாக்பேக் பட்டன், ஒரு எலுமிச்சம்பழம் அளவுக்கு. எல்லாம் இருந்தது, வாசல் வழியே நுழையத்தான் இல்லை. யானை வாங்கியாயிற்று, அங்குசத்துக்கு யோசிக்கவா முடியும்? ஸ்டுடியோவுக்குப் பின்பாதியிலேயே குடியிருந்த ஸ்டுடியோக்காரர் சமையலறைச் சுவரை இடிக்கச் சொன்னார். அடுப்பு கொல்லைப்புறம் போனது. அடுப்பிருந்த இடத்தில் மேஜையின் வால்பகுதி, அதாவது சும்மா கிடந்த எட்டு ஃபேடர்கள், வந்து உட்கார்ந்தன.

அவர் மனைவி டப்பிங் கலைஞர். அன்று காலையிலிருந்து ஏதோ ஒரு படத்தில் ஒரு மகாராணிக்காகச் செத்துச் செத்து, களைத்துப்போய் சாயங்காலம் வீட்டுக்கு வந்தாள்.

“எப்படி இருக்கு?” என்றார் ஸ்டுடியோக்காரர், வாயெல்லாம் பல்லாக.

“அடுப்பு எங்கங்க?”

“மொதல்ல இதைப் பாரேன்.”

“இதையே கட்டிக்கிட்டு அழுங்க,” என்று சொல்லிவிட்டு, செருப்பைக்கூடக் கழற்றாமல் திரும்பி, தெருக்கோடியில் இருந்த அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். அவள் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை.

அடுத்த வாரமே சும்மா கிடந்த முட்கள் அசையத் தொடங்கின. முப்பத்திமூன்றில் பல் டாக்டரின் குடைகிற இயந்திரம் கேட்டது. முப்பத்திநான்கில் தையல்காரர் வீடு, முப்பத்தைந்தில் கணக்கு வாத்தியாரின் டியூஷன் அறை. இப்படியே வரிசையாகப் போய், நாற்பதில் தெருக்கோடி அக்கா வீடு. ஒயர் ஒன்றும் கிடையாது. பட்டறை அம்மாள் வந்து, மேஜைக்கு அடியில் படுத்துப் பார்த்து, ஒரு டீ குடித்து, “நான்தான் சொன்னேனே,” என்று சொல்லிவிட்டுப் போனார். எங்கள் வீட்டுப் பேச்சை நீ எப்படிக் கேட்கலாம் என்று சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு வந்தவர்கள், மேஜையைக் கண்டதும் “அடேயப்பா!” என்று வாயைப் பிளந்து, வந்த காரியத்தை மறந்தார்கள். இரண்டாம் முறை உதவி கேட்டு வந்தார்கள். பல் டாக்டரின் இயந்திரத்தை நன்றாக இறக்கியதில் நோயாளிகள் நாற்காலியிலேயே தூங்கினார்கள். கணக்கு வாத்தியாருக்குக் கொசு ரீங்காரம் போலக் குரல். அதைக் கொஞ்சம் ஏற்றிக் கொஞ்சம் எதிரொலியும் சேர்த்ததில், பிள்ளைகள் பயந்துபோய்ப் பாஸானார்கள்.

நாற்பதாவதுதான் ஸ்டுடியோக்காரரின் உயிரை வாங்கியது. அக்கா பேசுவது கேட்டது, அக்கா வீட்டுக்காரர் இருமுவது கேட்டது, குழாய் சொட்டுவது கேட்டது. மனைவியின் குரல் மட்டும் கேட்கவே இல்லை. அவள் அந்தத் தொழிலிலேயே ஊறினவள். எங்கே மைக் இருந்தாலும் அவள் உடம்புக்குத் தெரிந்துவிடும். முள் அசைந்த அன்றே வளையலைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டாள். மூச்சைக்கூட ஒருபக்கமாகத் திரும்பித்தான் விட்டாள். “தலையை ஆட்டாதடி, வாயைத் திறந்து சொல்லு, சாப்பிட்டியா இல்லையா?” என்று அக்கா கத்துவதை வைத்துத்தான் அவள் அங்கே இருக்கிறாள் என்றே தெரிந்தது. வெளியூரிலிருந்தெல்லாம் வந்து மேஜையைப் பாராட்டிவிட்டுப் போனார்கள். எதுவும் அவர் காதில் ஏறவில்லை. நாற்பதை முழுக்க மேலே தள்ளிவிட்டு, குழாய்ச் சொட்டைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

ஒருநாள் அக்காவின் குரல் சொன்னது: “பெரிய ஊர்க் கம்பெனி, நிரந்தர வேலை, வெள்ளிக்கிழமை வண்டி. போறதுன்னா போ. ஆனா நல்லா யோசிச்சுக்கோ, போனா மூணு வருஷத்துக்குத் திரும்ப முடியாது.” அதற்கும் பதில் கேட்கவில்லை. தலையாட்டியிருப்பாள். எந்தப் பக்கம் ஆட்டினாள் என்று எந்த முள்ளும் காட்டாது. ஸ்டுடியோக்காரர் நாற்காலியை மேஜைக்கு இன்னும் நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டார். எழுந்து நாலு எட்டு நடந்துபோய் அந்த வீட்டுக் கதவைத் தட்டியிருக்கலாம். அதற்குத்தான் கால் வரவில்லை. ஃபேடரைத் தள்ள மட்டும் கை வந்தது. ஆண்பிள்ளைகளில் இப்படி ஒரு ரகம் உண்டு, என்ன செய்வது?

வியாழக்கிழமை காலை, துணியை எடுத்து மேஜையைத் துடைத்தார். துடைக்கும்போது அதனோடு பேசுவது அவர் வழக்கம். அன்று துடைத்து முடித்து, சோர்ந்துபோய், இரண்டு முழங்கையையும் மேஜையில் ஊன்றித் தலையைத் தாங்கிக்கொண்டார். ஒரு முழங்கை சிவப்பு டாக்பேக் பட்டன்மேல் இருந்தது. ஒலிப்பதிவுக்காரர்கள் எல்லாரும் ஒருமுறையாவது செய்கிற தப்பு இது. பட்டன் அழுந்தியிருப்பது தெரியாமல் பாடகரைத் திட்டி, உள்ளே இருக்கிற பாடகர் அதைக் கேட்டுப் பாதியில் எழுந்து போன கதை ஆயிரம் உண்டு. இவர் பேசியதோ எட்டு வீட்டிலும் கேட்டது. பல் டாக்டரின் வாய் கொப்பளிக்கும் குழாயிலிருந்தும், தையல் மெஷினிலிருந்தும், வாத்தியாரின் கரும்பலகையிலிருந்தும், அக்கா வீட்டுச் சர்க்கரை டப்பாவிலிருந்தும் வந்தது.

“ஒருத்தர் விடாம உன்னைப் பார்த்து வாயைப் பிளந்துட்டுப் போறாங்க. எனக்கென்ன பிரயோஜனம்? அவ ஒருத்தி வந்து நின்னு, நல்லாத்தான் இருக்குன்னு சொல்லணும்னுதானே இவ்வளவும் பண்ணேன்? சொல்லாட்டிப் போறா. திட்டவாவது செய்யலாம்ல? சுவரை இடிச்சது தப்புதான். அடுப்பைத் தூக்கி வெளியில வெச்சது அதைவிடப் பெரிய தப்பு. நாளைக்கு அவ வண்டி ஏறிட்டா, நான் யார் குரலைக் கேட்டுட்டு உக்காந்திருப்பேன்? உன்கிட்ட சொல்ல வருது. அவகிட்ட சொல்ல வாய் வரமாட்டேங்குது.”

தையல்காரர் மெஷினை மிதிப்பதை நிறுத்தினார். டாக்டர் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். திறந்த வாய் திறந்தபடியே நோயாளியும் கேட்டார். அப்போது நாற்பதாவது முள் துடித்தது. முதலில் ஒரு மூச்சு, வசனம் பேசுவதற்கு முன் டப்பிங்காரர்கள் இழுக்கிற மூச்சு. பிறகு குரல்.

“முழங்கையை எடுங்க. டாக்பேக் பட்டன் மேல இருக்கு. தெருவே கேக்குது.”

அத்தனை நாள் பேசாமல் இருக்க முடிந்தவளால், தொழிலில் ஒரு தப்பு நடப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. ஸ்டுடியோக்காரர் முழங்கையை எடுக்கவில்லை. “இன்னொரு தடவை சொல்லு,” என்றார். எட்டு வீடும் சேர்ந்து சிரித்த சிரிப்பில் எட்டு முட்களும் சிவப்புக் கோட்டைத் தாண்டி முட்டி நின்றன. “போடி, கிளம்பு. எனக்கு என் சர்க்கரை டப்பா வேணும்,” என்றாள் அக்கா.

வெள்ளிக்கிழமைக்காகப் பெட்டி ஏற்கெனவே கட்டித் தயாராக இருந்ததால் சீக்கிரமே வந்துவிட்டாள். வந்து, இடிந்த சுவரருகே நின்று, “அடுப்பு எங்கங்க?” என்றாள் மறுபடியும். இந்தமுறை அவர் வாயைத் திறக்காமல் கொல்லைக்கு ஓடி, அடுப்பைத் தானே தூக்கி வந்து, மேஜையின் வாலுக்குப் பக்கத்தில் வைத்தார். அவள் சும்மா கிடந்த ஃபேடர்களை ஒருமுறை பார்த்தாள். “முப்பத்திரண்டு உங்களுக்கு. இந்த எட்டும் எனக்கு. என் பக்கம் கை வெச்சீங்கன்னா தெரியும்,” என்றாள். அன்றிலிருந்து தெருவின் ஏற்ற இறக்கமெல்லாம் அவள் கையில். ஒரு கையில் கரண்டி, இன்னொரு கை ஃபேடரில். பெரிய ஊர்க் கம்பெனிக்காரர்கள் அந்த மேஜையில் பதிவான அவள் குரலைக் கேட்டுவிட்டு, நீங்கள் வரவேண்டாம், படங்களை அங்கேயே அனுப்புகிறோம் என்று சொல்லிவிட்டார்கள். அவள் அந்த மேஜையில் எத்தனையோ ராணிகளுக்காகச் செத்தாள், எத்தனையோ பெண்களுக்காகக் காதலித்தாள். மேஜையைப் பற்றி மட்டும் நல்லதாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. வாத்தியார் ஓய்வு பெற்றார், தையல்காரரின் பிள்ளைகள் தோளுக்கு மேல் வளர்ந்தார்கள், ஸ்டுடியோக்காரரின் தலை முழுக்க நரைத்தது.

ஒருநாள் பிற்பகல் அவர் வழக்கம்போல மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவள் அடுப்பில் பால் வைத்துவிட்டு வந்து, பக்கத்தில் நின்று, ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை நிதானமாகப் பார்த்தாள். பிறகு சிவப்புப் பட்டனை அழுத்தினாள். முழங்கை பட்டு அல்ல, விரலால், தெரிந்தேதான்.

“நல்லாத்தான் இருக்கு.”

குழாய் சொன்னது, கரும்பலகை சொன்னது, சர்க்கரை டப்பா சொன்னது. “இப்பவாவது சொன்னீங்களேம்மா!” என்று முப்பத்திநான்கிலிருந்து தையல்காரர் கத்தினார். ஸ்டுடியோக்காரர் கண்ணைத் துடைக்கத் துணியைத் தூக்கினார். அது மேஜை துடைத்த துணி.

“கேட்டாச்சு, கேட்டாச்சு,” என்றாள் நாற்பதிலிருந்து அக்கா. “அங்க பால் பொங்குற சத்தம் எனக்கே கேக்குது. யாராவது போய்ப் பாருங்க.”

அவர்தான் ஓடிப்போய் அடுப்பை அணைத்தார்.