மூக்கைத் தொட்டால் நெற்றியில் தெரிகிறது

1

ஒரகடம் போகும் ஷேர் ஆட்டோவில் எனக்கு எதிரே ஒரு பெண். அவள் மூக்கில் ஈ உட்கார்ந்தது. அவள் நெற்றியைத் துடைத்துக்கொண்டாள். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். மீதியெல்லாம் நான் கட்டியது, பாண்டிச்செல்வி என்ற பெயர் உட்பட.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'நாய் குரைக்கவே இல்லை. கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கியவள்...'

வேண்டாம். நாய்க்கு இந்த ஒரு வரி போதும்: கடித்தது, மூக்கு நுனி போயிற்று.

"நெத்தித் தோலைக் கீறி, அப்படியே கீழ திருப்பி மூக்குல தைப்போம்மா" என்றார் டாக்டர். "ஒரு முனை புருவத்துகிட்ட ஒட்டிக்கினே இருக்கும். ரத்தம் அது வழியாத்தான் வரணும். மூணு வாரத்துல தோல் மூக்குல புடிச்சிக்கும். அப்புறம் அந்த ஒட்டை அறுத்துடலாம்."

"அதுவரைக்கும் சார்?"

"பார்க்க ஒரு மாதிரிதான் இருக்கும்."

புருவத்துக்கும் மூக்குக்கும் நடுவே ஒரு சதைப் பாலம். (பாலம் என்று எழுதி அடித்துவிட்டேன். பாலம் என்றால் யாராவது கடந்து வருவார்கள்.)

3

சேரப்பணஞ்சேரியில் வாடகை அறை. கூட இருப்பவள் நாச்சியார், அவளுக்கும் அதே கம்பெனியில் அசெம்பிளி லைன் வேலை. இருவருக்கும் கோவில்பட்டிப் பக்கம். முதல் நாள் நாச்சியார் தட்டை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்குப் போனாள்.

"கோச்சுக்காதட்டி. பாத்தா சோறு எறங்க மாட்டேங்கு."

பாண்டிச்செல்வி கோபித்துக்கொள்ளவில்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிடப் பழகினாள். ஊரிலிருந்து அம்மா கூப்பிட்டால், "லைன்ல நிக்கேம்மா, பொறவு பேசுதேன்" என்பாள், பாயில் படுத்தபடியே.

4

ஒரு சாயங்காலம் நாச்சியார் அவள் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"தொட்டுப் பாக்கட்டுமாட்டி?"

இந்த இடத்தில் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. சோறு இறங்காதவளுக்கு விரல் மட்டும் எப்படி நீளும்? கதை முடிய வேண்டுமே என்று நான்தான் அவளைத் தள்ளுகிறேனோ? காட்சியை அடித்தேன்.

அடித்ததும் அறையில் பாண்டிச்செல்வி மட்டும் இருந்தாள். கட்டு மாற்றும் நர்ஸின் கையுறைகளைத் தவிர வேறு எதுவும் அவள் முகத்தில் படவில்லை. மேலே விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அடுத்த வாக்கியத்தை...

என்னால் அங்கே இருக்க முடியவில்லை. நாச்சியாரைத் திரும்பக் கூப்பிட்டேன். அவள் விரல் நடுங்கித்தான் வந்தது. அந்த நடுக்கத்தால் அவளை நம்பினேன்.

"தெரியுதா?"

பாண்டிச்செல்வி கண்ணை மூடிக்கொண்டாள். "தெரியுது. ஆனா நெத்தியில."

"மூக்கத்தாம்ட்டி தொடுதேன்!"

"தெரியும். எடுக்காத."

5

அறுக்கும் நாள். துணைக்கு ஆள் வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். நாச்சியார் லீவு கேட்டாள். "லைன்ல ஆளே இல்ல, இன்னாமா லீவு?" என்றார் சூப்பர்வைசர்.

காலையில் பாண்டிச்செல்வி துப்பட்டாவால் முகத்தைச் சுற்றிக்கொண்டு ஷேர் ஆட்டோவில் ஏறி, பக்கத்தில் இடம் விட்டு உட்கார்ந்தாள். எதிர்ப்பக்கம் கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. நாச்சியார் யூனிபார்மில் சாலை நடுவே நிற்கிறாள்.

அவளை ஆட்டோவில் ஏற்றி ஒரு முடிவு எழுதினேன். பஸ்ஸில் ஏற்றி இன்னொன்று எழுதினேன். இரண்டையும் கிழித்துவிட்டேன்.

லீவு தரும் அதிகாரம் எனக்கில்லை. உங்களுக்கு இருந்தால், சீக்கிரம் சொல்லுங்கள். டிரைவர் கியர் போட்டுவிட்டார்.