குளிருகிற ஆள் ஒருவர் தேவை

நெட்டா லெய்ட்லாவின் வீட்டில், வீட்டைச் சூடாக்குகிற பாய்லர் செத்துப்போனது கில்லன்பிரே கிராமத்தில் ஒருவருக்கும் தெரியாது. தெரிந்துவிடக் கூடாதென்று அவள் பட்ட பாடு, அந்தப் பாய்லரைப் பிழைக்க வைக்கப் பட்ட பாட்டைவிடப் பெரிது. பனி விலகிப் பாதை திறந்ததும் வருவதாக மெக்கானிக் போனில் சொல்லிவிட்டான். பாதை எப்போது திறக்கும் என்று கேட்டதற்குச் சிரித்தான். அவனுக்கென்ன, சிரிப்பான், அவன் வீட்டில் சூடு இருக்கிறது.

ஆகவே மூன்று ஸ்வெட்டர், அதற்குமேல் காலஞ்சென்ற கணவனின் கோட்டு, தலையில் டீ கெண்டிக்குப் போர்த்துகிற கம்பளி உறை என்று சகல அலங்காரங்களோடும் அவள் சமையலறையில் குந்தியிருப்பாள். விடிந்ததும் எல்லாவற்றையும் உருவிப் போட்டுவிட்டு, வட்டாரக் கவுன்சில் தொண்டர்களுக்குக் கொடுத்த ஆரஞ்சு நிற மேல்சட்டையை மாட்டிக்கொண்டு ஊர் மண்டபத்துக்கு ஓட்டமாக ஓடுவாள். மண்டபத்தின் சாவி அவளிடம்தான் இருந்தது.

பனிப்புயல் ஓயும்வரை அந்த மண்டபம் குளிர்காய வருகிறவர்களுக்கான இடம் என்று கவுன்சில் அறிவித்திருந்தது. வீட்டில் குளிருகிற எவரும் வரலாம். ஹீட்டர் உண்டு, கம்பளி உண்டு, சூப் உண்டு, காசு கொடுக்க வேண்டியதில்லை. தொண்டர்களுக்குத் தலைவி நெட்டா. பகலெல்லாம் ஹீட்டருக்குப் பக்கத்தில் நின்று "ஏற்பாடுகளைக் கவனித்து" உடம்பில் சூட்டை ஏற்றிக்கொண்டு போனால், ராத்திரியைப் பல்லைக் கடித்து ஓட்டிவிடலாம். மண்டபம் மட்டும் இல்லையென்றால் அவள் கதி அதோகதிதான்.

எனக்குக் குளிருகிறது என்று வாயைத் திறந்து சொன்னால் என்ன? நல்ல கேள்விதான், ஆனால் கில்லன்பிரேயில் கேட்கிற கேள்வி இல்லை. அந்த ஊரில் பிறந்த குழந்தை முதலில் பேசுகிற வாக்கியமே "எனக்கென்ன, நான் நல்லாத்தான் இருக்கேன், உங்களுக்கு எதுக்குத் தொந்தரவு" என்பதுதான். போன வருஷம் ராப் என்கிற தபால்காரர் மீது பனியின் கனம் தாங்காமல் கொட்டகைக் கூரை இறங்கிவிட்டது. தோண்டி எடுக்கப் போனவர்களிடம், உள்ளே கிடந்தபடியே, "பரவாயில்ல, நீங்க போய் உங்க வேலையப் பாருங்க" என்றாராம் மனுஷர். கடைசியில், "ராப், எங்களால தனியா முடியல, உள்ளேருந்து கொஞ்சம் தள்ளி உதவி பண்ணுங்க" என்று கெஞ்சிய பிறகுதான் வெளியே வரச் சம்மதித்தார்.

இதெல்லாம் போதாதென்று, நெட்டா இலையுதிர் காலத்தில் வீடு வீடாகப் போய்ப் பிரசங்கம் வேறு செய்திருந்தாள். "உதவி கேக்கறதுல என்னங்க வெக்கம்? வாய்விட்டுக் கேளுங்க!" என்று விரலை ஆட்டி ஆட்டிப் பேசியிருந்தாள். அந்த வாயால் இப்போது என்னத்தைச் சொல்வது? மானம் கப்பலேறிவிடாதா?

மண்டபத்தில் தொண்டர்கள் ஒன்பது பேர். குளிர்காய வந்தவர் ஒருவர்கூட இல்லை. உட்கார்ந்து ஈ ஓட்டலாமென்றால் அந்தக் குளிரில் ஈயும் இல்லை. சூப் பொறுப்பு ஜெஸ்ஸி டர்ன்புல்லுடையது. அவள் நெட்டாவின் பக்கத்து வீட்டுக்காரி, நடுவில் ஒரே சுவர், பள்ளிக்கூட நாளிலிருந்து சிநேகிதி. தினமும் பானை நிறைய பார்லி சூப் காய்ச்சுவாள். தொண்டர்கள் அதைத் தொடமாட்டார்கள், அது குளிருகிறவர்களுக்கு ஆயிற்றே. சாயங்காலம் பானையை அப்படியே வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போவாள். அவள் புருஷன் மூன்று வேளையும் பார்லி சூப் குடித்துக் குடித்து, பார்லி என்று காதில் விழுந்தாலே எழுந்து வேறு அறைக்குப் போகிற நிலைக்கு வந்திருந்தான்.

அன்று காலை கவுன்சிலிலிருந்து போன் வந்தது. ஈவான் ஷீல் என்ற அதிகாரி மதியம் வருகிறாராம். மண்டபத்தை யாரும் பயன்படுத்தவில்லை என்றால் ஹீட்டர்களையும் கம்பளிகளையும் அடுத்த ஊரான ஸ்டோபர்னுக்கு மாற்றிவிடுவாராம். அங்கே உட்கார இடமில்லாமல் கூட்டம் நெரிகிறதாம்.

"ஸ்டோபர்னுக்கா?" ஜெஸ்ஸி கரண்டியைப் பானைக்குள் போட்டுவிட்டாள். "அவங்களுக்கு வெக்கம் மானம் ஏதாவது உண்டாடி? குளிரடிச்சா, குளிருதுன்னு சொல்லிடற ஜனங்கடி அவங்க!"

நெட்டா ஹீட்டரை ஒரு கையால் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

"ஒருத்தர் இருந்தா போதும்னு போன்ல சொன்னாங்க. நிஜமா குளிர்ல கஷ்டப்படற ஆள், ஒரே ஒருத்தர். யாராவது மதியம் மட்டும் கம்பளியப் போத்திக்கிட்டு உக்காருங்களேன்," என்றாள் அவள்.

ஒன்பது பேரும், அவளையும் சேர்த்துத்தான், தரையைப் பார்த்தார்கள்.

"எனக்கு ரத்தம் சூடு, நான் நடிச்சாலும் நம்பமாட்டாங்க," என்றார் ராப்.

"நான் சூப் பாக்கணும்," என்றாள் ஜெஸ்ஸி. "நீயே உக்காரேன், நெட்டா. மூக்கு செவசெவன்னு இருக்கு, பொருத்தமா இருக்கும்."

"எனக்கா? எனக்கு வீட்டுல வேர்த்துக் கொட்டுது!" நெட்டா சொன்ன வேகத்தில் அவளுக்கே நாக்கு கூசியது.

கடைசியில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வாட்டி பர்வ்ஸ் ஞாபகம் வந்தது. வாட்டி குன்றின் மேலே தனியாக ஆடு வளர்க்கிறவர். தொண்ணூற்றொரு வயது. வீட்டின் ஜன்னல் ஒன்றுக்குக் கண்ணாடியே இல்லை. இவரைவிடக் குளிருகிற ஆள் உலகத்தில் உண்டா? பனியில் சறுக்கி இழுக்கிற ஸ்லெட்ஜ் வண்டியில் போட்டு இழுத்து வந்துவிடுவது என்று தீர்மானமாயிற்று. நெட்டாவும் ஜெஸ்ஸியும் கிளம்பினார்கள்.

பாதிக் குன்று ஏறுவதற்குள் நாக்குத் தள்ளிவிட்டது. பனி இடுப்புவரை. ஸ்லெட்ஜ் முன்னால் வராமல் பின்னால் போவதிலேயே குறியாக இருந்தது. ஜெஸ்ஸி அதன்மேல் விழ, நெட்டா ஜெஸ்ஸியின் மேல் விழ, மூவரும் ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டு, அதாவது ஸ்லெட்ஜ் தவிர மற்ற இருவரும் திட்டிக்கொண்டு, பள்ளத்தில் போய்ச் செருகி நின்றார்கள். நிமிர்ந்து பார்த்தால் மேலே டிராக்டர் சத்தம். வாட்டி.

"அசையாதீங்க பொண்ணுங்களா!" என்று கத்தினார். பொண்ணுங்களுக்கு அறுபத்தெட்டு வயது. "நான் இருக்கேன், பயப்படாதீங்க!"

"நாங்கதான் உங்களைக் காப்பாத்த வந்தோம் வாட்டி!" என்றாள் நெட்டா, வாயிலிருந்த பனியைத் துப்பிவிட்டு.

"அப்படியா? ரொம்ப நல்லா காப்பாத்தறீங்க. ஏறுங்க வண்டியில."

"பெரியவரே, மண்டபத்துல வந்து சூடா உக்காருங்க. வீட்டுல குளிரும்ல?"

"பெரியவரா? யாரு பெரியவர்?" வாட்டியின் புருவம் இரண்டும் தொப்பிக்குள் போய்விட்டன. "எனக்கென்ன குளிர்? ஜன்னல் வழியாக் காத்து வருது, ஆரோக்கியம்! வயசானவங்களுக்கு உதவி பண்ண ஆள் பத்தலன்னா சொல்லுங்க, வரேன்."

வந்தார். வந்த கையோடு ஆரஞ்சுச் சட்டை ஒன்றைக் கேட்டு வாங்கி மாட்டிக்கொண்டு, கரண்டியையும் பிடுங்கிக்கொண்டார். இப்போது தொண்டர்கள் பத்துப் பேர். நெட்டாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

"அத்தை பாலத்துகிட்ட வந்துட்டா!" என்று ராப் போனைப் பார்த்துக் கத்தினார். பனியை உருக்கப் பாதையில் உப்பு தூவும் கவுன்சில் லாரிகளுக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஓட்டுப் போட்டுப் பெயர் வைப்பார்கள். இந்தப் பக்கத்து லாரியின் பெயர் கடுகடுப்பு அத்தை. அத்தை எங்கே ஊர்ந்துகொண்டிருக்கிறாள் என்பதைப் போனில் வரைபடமாகப் பார்க்கலாம். பனிக்காலத்தில் ஊருக்கு வேறு பொழுதுபோக்கே கிடையாது. பாதை மூடியிருந்ததால் அதிகாரி அத்தையின் மேல்தான் வந்துகொண்டிருந்தார்.

"கோயிலத் தாண்டிட்டா! ஐயோ, நின்னுட்டா! யாரோ இறங்கித் தோண்டறாங்க போலிருக்கு. மறுபடி வரா!"

கதவு திறந்தது. உள்ளே வந்தது மனிதனா, பனிமனிதனா என்று சொல்ல முடியவில்லை. ஈவான் ஷீல் சின்னப் பையன், டவுனில் போடுகிற மெல்லிய ஷூ, இமையெல்லாம் பனி, உதடு நீலம். லாரி இரண்டு இடத்தில் மாட்டிக்கொண்டு இரண்டு இடத்திலும் அவன்தான் இறங்கித் தோண்டியிருக்கிறான். பல் தந்தியடித்தது.

பத்துத் தொண்டர்களும் அவனைப் பார்த்தார்கள். வாரக்கணக்கில் காத்திருந்த கண்கள். கடவுளே, நிஜமாகவே குளிருகிற ஒரு ஆள்!

பாய்ந்துவிட்டார்கள். ஒருத்தி ஷூவைக் கழற்றினாள், இன்னொருத்தி சுடுநீர்ப் பையை வயிற்றில் கட்டினாள். வாட்டி கரண்டியால் நேராக வாயிலேயே சூப்பை ஊற்றினார். கம்பளிக்குமேல் கம்பளியாகச் சுற்றியதில் கடைசியில் வெளியே தெரிந்தது ஒரு மூக்கும் இரண்டு கண்ணும்தான்.

"நான்... கவுன்சில்..." என்றது கம்பளி மூட்டை.

"பேசாதே தம்பி, குடி!" என்றார் வாட்டி.

மூன்றாவது கிண்ணம் இறங்கிய பிறகுதான் அவனுக்குப் பேச்சு வந்தது. "ரொம்ப நன்றிங்க. ஆனா நான் கணக்குல சேரமாட்டேன். நான் ஆய்வுக்கு வந்தவன்." மூட்டை மெல்லத் திரும்பி எல்லோரையும் பார்த்தது. "இங்க யாரு குளிர்காய வந்தவங்க?"

"நான் சூப்புக்கு," என்றாள் ஜெஸ்ஸி.

"நான் நாற்காலி போட வந்தேன்," என்றார் ராப்.

"நான் வயசானவங்களப் பாத்துக்க வந்தேன்," என்றார் வாட்டி.

நாலா பக்கமும் ஆரஞ்சு. ஈவான் பெருமூச்சு விட்டான். "கஷ்டமாத்தான் இருக்கு. இவ்வளவு நல்ல ஏற்பாடு. ஆனா ஸ்டோபர்ன்ல ஜனங்க தரையில உக்காந்திருக்காங்க. திரும்பிப் போறப்போ ஹீட்டரையெல்லாம் லாரியில ஏத்திடறோம்."

நெட்டா ஹீட்டரைப் பார்த்தாள். இன்று ராத்திரி சமையலறை எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். நேற்றே குழாயில் தண்ணீர் உறைந்துவிட்டது. விடியற்காலையில் கைவிரல் மரத்துப்போய்த் தீக்குச்சியைக்கூடப் பிடிக்க முடியாமல், இப்படியே போய்விடுவோமோ என்று பயந்து உட்கார்ந்திருந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் ஜெஸ்ஸி குறட்டை விடுவது கேட்டுக்கொண்டிருந்தது. ஒரு தட்டு தட்டியிருக்கலாம். கையைத் தூக்கிச் சுவர்வரை கொண்டுபோய், பாவம் தூங்குகிறாள், எதற்குத் தொந்தரவு என்று இறக்கிவிட்டாள்.

அந்தக் கை இப்போதும் கனத்தது. அதனால் கையைத் தூக்காமல், ஆரஞ்சுச் சட்டையின் பொத்தான்களைக் கழற்றினாள். சட்டையை மேஜைமேல் வைத்தாள்.

"எனக்குக் குளிருது," என்றாள்.

"என்னது?" என்றாள் ஜெஸ்ஸி.

"என் வீட்டுல பாய்லர் போன வாரமே செத்துடுச்சு. குழாய் உறைஞ்சிடுச்சு. நான் இங்க உதவி பண்ண வரல. குளிர்காயத்தான் வரேன்." மேஜைமேல் கிடந்த சட்டையை மடித்தாள். "ராத்திரியெல்லாம் பயமா இருக்கு."

ஜெஸ்ஸியின் முகம் சிவந்து, வெளுத்து, மறுபடி சிவந்தது. "போன வாரமா? வேர்த்துக் கொட்டுதுன்னு சொன்னியேடி! நடுவுல ஒரு சுவருடி! ஒரே ஒரு சுவரு! நீ அங்க விறைச்சுக் கெடக்க, நான் இந்தப் பக்கம் போர்வைய உதறிட்டுத் தூங்கிட்டிருந்தேனா? நான் என்ன செத்தா போயிட்டேன்?"

"உனக்குத் தொந்தரவு வேண்டாம்னு..."

"தொந்தரவாம் தொந்தரவு! அறுபது வருஷமா நீ எனக்குத் தொந்தரவுதான், இப்ப என்ன புதுசா?"

"ஒருத்தர்," என்றான் ஈவான் மூட்டைக்குள்ளிருந்து, அவசரமாக. "ஒருத்தர் இருக்காங்க. போதும். மண்டபம் திறந்தே இருக்கட்டும்."

அதைக் காதில் வாங்க யாருக்கும் நேரமில்லை. ஒன்பது பேரும் நெட்டாவின்மேல் கவிந்துவிட்டார்கள். அவனிடமிருந்தே இரண்டு கம்பளியை உருவிக்கொண்டு போனார்கள். அவள் நாற்காலியில் அழுத்தப்பட்டாள். கையில் கிண்ணம் வந்தது, அது காலியாவதற்குள் இன்னொன்று வந்தது. ராப் உறைந்த குழாய்க்கு வழி சொன்னார், வாட்டி அதைவிட நல்ல வழி சொன்னார், இருவருக்கும் சண்டை வந்தது. நெட்டா தன் கிண்ணத்தைக் கழுவி வைக்க எழுந்தாள்.

"உக்காரு!" என்று பத்துக் குரல்கள், ஈவானுடையதும் சேர்த்து.

உட்கார்ந்தாள். வாழ்க்கையில் இவ்வளவு கஷ்டமான வேலையை அவள் செய்ததில்லை. கை காலை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. கண்ணீர் தன்பாட்டுக்கு வழிந்தது, துடைக்கலாமென்றால் கை கம்பளிக்குள் எங்கேயோ இருந்தது.

ஜெஸ்ஸி எதிரே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு இன்னும் திட்டிக்கொண்டிருந்தாள். முட்டாள், திமிர்பிடித்தவள், இன்று முதல் என் வீட்டில்தான் படுக்கை, மறுத்துப் பேசினால் கரண்டியால் அடி. நெட்டா தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டாள். ஜெஸ்ஸி மூச்சு வாங்க நிறுத்தியபோது, சின்னக் குரலில், கேட்டே பழக்கமில்லாதவள் கேட்கிற மாதிரி கேட்டாள்:

"ஜெஸ்ஸி, கால் இன்னும் சில்லுன்னு இருக்குடி. கொஞ்சம் தேச்சு விடறியா?"

ஜெஸ்ஸி அவள் இரண்டு காலையும் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து திட்டிக்கொண்டே தேய்க்க ஆரம்பித்தாள்.