கீழ் அடுக்கு

வகுப்பே அவளை 'அவசரம்' என்றுதான் கூப்பிடும். ஆய்வகத்தில் அவளுடைய ஜோடிக்கு 'ஆமை' என்று பெயர். இறுதியாண்டு வேதியியலில் இந்த இரண்டையும் ஒரே மேசையில் போட்ட புண்ணியவான் யாரோ! ஆனாலும் ஒருத்தியை விட்டால் இன்னொருத்திக்கு ஆளில்லை.

மூன்று வாரமாக ஆமை பார்த்துப் பார்த்துச் செய்த பொருள் அன்று, அடியில் திருகு வைத்த கண்ணாடிப் பிரிபுனலுக்குள் இரண்டு அடுக்காக நின்றது. ஒன்று வெறும் தண்ணீர். இன்னொன்றில்தான் பொருள் கரைந்திருந்தது. பேராசிரியை கூப்பிட்டார் என்று ஆமை எழுந்து போக, அவசரத்துக்குக் கை சும்மா இருக்குமா? இத்தனை நாளும் பொருளைக் கரைக்க ஈதர்தான். ஈதர் மிதக்கும், தண்ணீர் கீழே நிற்கும். பழகிய கை திருகைத் திறந்து கீழ் அடுக்கை அப்படியே கழுவுதொட்டியில் விட்டுவிட்டது.

தொட்டியிலிருந்து இனிப்பாக ஒரு வாசம் வந்தபோதுதான் அவளுக்கு உறைத்தது. இன்றைக்கு ஈதர் இல்லை, குளோரோஃபார்ம். அது தண்ணீரைவிடக் கனம். போனது ஆமையின் மூன்று வார உழைப்பு.

உடனே சொல்லியிருக்கலாம். பயம் விடவில்லை. புட்டியிலிருந்து புதுக் குளோரோஃபார்மைக் குடுவையில் ஊற்றி, திரும்பி வந்தவளிடம் நீட்டினாள்.

"பிரிச்சு வச்சுட்டேன்டி."

ஆமை அதை வெந்நீர்த் தொட்டியில் வைத்து ஆவியாக்கினாள். கடைசிச் சொட்டும் போனபின் குடுவை கழுவிக் கவிழ்த்ததுபோல் இருந்தது. வெளிச்சத்தில் தூக்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஒண்ணுமே இல்லடி. ஆரம்பத்துலயே ஏதோ தப்பு பண்ணியிருக்கேன்."

"மறுபடி செஞ்சா வந்துட்டுப் போகுது."

"என்ன தப்புன்னே தெரியாம எதைத் திருத்தறது? எனக்கு இதெல்லாம் சரிப்படாது. படிப்பை விட்டுட்டு அப்பா கடையில உக்காந்துக்கிறேன். அவர் அப்பவே சொன்னாரு."

வாய்க்கு வந்ததைச் சொல்கிறவள் இல்லை ஆமை. ஒன்றைச் சொல்லிவிட்டால் மாறவே மாட்டாள். ஆய்வகக் கோட்டைக் கழற்றி மடித்து வைத்துவிட்டுப் பேராசிரியையின் அறைப் பக்கம் நடந்தாள். வாழ்க்கையில் முதன்முறையாக அவசரத்துக்கு அவசரம் வரவில்லை. ஆமை கதவில் கை வைத்த பிறகுதான் வாய் திறந்தது.

"நில்லுடி! கீழ் அடுக்கை நான்தான் கொட்டிட்டேன். உன்கிட்ட குடுத்தது வெறும் குளோரோஃபார்ம்."

கத்துவாள் என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். ஆமை கதவை விட்டுத் திரும்பி வந்தாள்.

"அப்போ, நான் செஞ்சது சரியாத்தான் வந்திருக்குமா?"

"வந்திருக்கும்டி. நீ செஞ்சா வராம எங்க போகும்?"

ஆமையின் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்த்து அவசரத்துக்கு அழுகை வந்தது. ஆமை கோட்டை மறுபடி மாட்டிக்கொண்டாள். பிரிபுனலை எடுத்துக்கொண்டு, காலியாகக் கிடந்த அடுத்த மேசைக்குப் போனாள். கழுவித் தரலாம் என்று அவசரம் பின்னாலேயே போய்க் கை நீட்டினாள்.

"வேண்டாம், நானே பாத்துக்கிறேன்" என்றாள் ஆமை.