ரம்பம் சித்தி

அந்தப் பெயரை வைத்தது அக்காவின் கணவர். அதற்கு வழி செய்தவள் அக்கா.

அன்று அக்கா வீட்டில் பத்துப் பேர் விருந்துக்கு வந்திருந்தார்கள். வழக்கம்போல அக்கா வயலின் வாசித்து எல்லோரையும் சொக்க வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்க உள்ளே போனாள். ஆறு வயதில், ஒருமுறை கேட்ட பாட்டை அப்படியே வாசித்துக் காட்டியவள் அவள். தங்கைக்கு அந்த விருந்தன்று முப்பது வயது. அச்சகத்தில் பிழை திருத்தும் வேலை. மேஜைமேல் இருந்த வயலினை ஆசையாக எடுத்து வில்லை இழுத்துப் பார்த்தாள். உள்ளிருந்து வந்த அக்கா அதைக் கைபேசியில் பதிவு செய்துகொண்டே பக்கத்தில் வந்தாள்.

"கீழ வைடி. ஆசை மட்டும் இருந்தா போதுமா? உனக்குக் காதே கிடையாது. இதெல்லாம் பிறவியிலேயே வரணும்."

"மரம் அறுக்கிற ரம்பம் மாதிரில்ல இருக்கு!" என்றார் அத்தான். பத்துப் பேரும் சிரித்தார்கள்.

அதோடு விட்டிருந்தால் அவளும் மறந்திருப்பாள். ஆனால் யார் பிறந்தநாள் வந்தாலும் அக்கா அந்தப் பதிவைப் போட்டுக் காட்டினாள். இரண்டு வருஷத்தில் அக்காவின் பிள்ளைகள் "ரம்பம் சித்தி" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அதுகளுக்கு அது கேலி என்றே தெரியாது. சித்தியின் பெயரே அதுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தன. அப்படி முதல்முறை கூப்பிட்ட அன்றுதான் அவளுக்குக் கோபம் மூண்டது.

அடுத்த வாரமே ஓர் இசைப் பள்ளிக்குப் போனாள். டீச்சர் அவளைவிட ஐந்து வயது சின்னவள். ஒரு மணி நேரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு உள்ளதைச் சொன்னாள்.

"வருத்தப்படாதீங்க. உங்களுக்கு இது இயல்பா வராது. மத்தவங்க ஒரு மாசத்துல பிடிக்கிறதைப் பிடிக்க உங்களுக்கு ஒரு வருஷம் ஆகும்."

"என்கிட்ட வருஷம் இருக்கு டீச்சர்."

"எதுக்காகக் கத்துக்கணும்னு தோணுச்சு?"

"ஒருத்தி வாயை அடைக்கணும்."

டீச்சர் சிரித்தாள். அவள் சிரிக்கவில்லை.

எட்டு வயதுப் பிள்ளைகளோடு சின்ன நாற்காலியில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து கற்றாள். தினமும் காலை ஐந்து மணிக்கு எழுந்து இரண்டு மணி நேரம் வாசித்தாள். அச்சகத்தில் செய்வதையே இங்கேயும் செய்தாள்: தன் தவறுகளை ஒவ்வொன்றாகச் சிவப்பு மையில் குறித்துக்கொண்டு, அது போகும்வரை அந்த ஒரு வரியையே அரைத்தாள். மேல்வீட்டுக்காரர் அடிக்கடி சண்டைக்கு வந்தார், மூன்றாம் வருஷம் வருவதை நிறுத்தினார். சலிப்பு வந்த நாட்களில் அந்தப் பத்துப் பேரின் சிரிப்பை நினைத்துக்கொள்வாள். கை தானாக வில்லைத் தேடும். அக்கா குடும்பத்தில் யாரிடமும் மூச்சு விடவில்லை.

அக்கா நகர இசைக்குழுவில் முன்வரிசையில் இருந்தாள். அவள் வாசித்த ஒரு நிகழ்ச்சியைக்கூடத் தங்கை தவற விட்டதில்லை. "என்மேல உனக்கு எவ்வளவு பாசம்டி!" என்று அக்கா கன்னத்தைக் கிள்ளுவாள். தங்கையோ கடைசி வரிசையில் உட்கார்ந்து அக்காவின் பிழைகளைக் குறித்துக்கொண்டிருந்தாள். ஏழாம் வருஷம் ஒரு விஷயம் பிடிபட்டது. புதுப் பாட்டு என்றால் அக்கா பக்கத்து ஆளைவிட ஒரு இமைப்பொழுது பிந்தியே வாசித்தாள். எதிரே ஸ்வரம் எழுதி வைத்திருந்த தாளை அவள் கண் தொடவே இல்லை. அக்காவுக்கு ஸ்வரத்தாள் படிக்கத் தெரியாது! காது கொடுத்த வரத்திலேயே இத்தனை காலம் ஓட்டிவிட்டாள்.

தங்கை அவசரப்படவில்லை. இன்னும் ஐந்து வருஷம் பொறுத்தாள். குழுவுக்குப் புதிய தலைவர் வந்ததும் பெயர் போடாமல் அவருக்கு ஒரு கடிதம் எழுதினாள். முகம் பார்த்து இடம் கொடுப்பதாக வெளியே பேச்சு இருக்கிறது, எல்லோரையும் திரைக்குப் பின்னால் உட்காரவைத்து, பார்த்திராத தாளைக் கொடுத்துச் சோதித்தால் அந்தப் பேச்சு அடங்கும் என்று. தலைவருக்கு அது பிடித்துப்போனது. வெளியாட்களும் வரலாம் என்று அறிவித்தார்.

பதினான்காம் எண் அவளுக்கு. தாளை வைத்தார்கள். அச்சுப்படியைப் படிக்கிற கண்ணால் ஒருமுறை மேய்ந்துவிட்டு வாசித்தாள். அதில் சொக்குவதற்கு ஒன்றும் இல்லை, ஆனால் ஒரு பிழையும் இல்லை. பத்தொன்பதாம் எண் நாலு வரி வாசித்து, தடுமாறி, நின்றுவிட்டது. பிறகு ஏதோ தானாக இட்டுக்கட்டி வாசித்தது. அது அழகாக இருந்தது. ஆனால் தாளில் இருந்தது அது இல்லை. அந்த வில்லின் இழைப்பை எங்கே கேட்டாலும் அவளுக்குத் தெரியும். பக்கத்து அறையில் உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தாள்.

முடிவைப் பலகையில் ஒட்டிய மறுநாள் அக்கா தங்கை வீட்டு வாசலில் வந்து நின்றாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"என் நாற்காலியில நீயா? எப்படி?"

"பன்னண்டு வருஷமாக் கத்துக்கிட்டேன். தாள் வெச்சுச் சோதிக்கச் சொல்லி எழுதினதும் நான்தான்க்கா."

"அடிப்பாவி! நான் உனக்கு என்னடி பண்ணேன்?"

"ரம்பம்."

அக்கா விழித்தாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் நினைவு வந்தது. "அதுவா? அது சும்மா விளையாட்டுக்குடி. அந்தப் பதிவு பழைய போனோட எப்பவோ போச்சே."

பதிவு போய்விட்டது, அக்காவுக்கு ஞாபகம்கூட இல்லை. அடித்த அடி தப்பான வீட்டில் விழுந்ததுபோல இருந்தது அவளுக்கு. "விளையாட்டு உனக்கு. இதையும் விளையாட்டுன்னே வெச்சுக்கோ" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள்.

முதல் இரண்டு மாதம் அந்த நாற்காலி இனித்தது. பிறகு காலையில் எழுந்திருக்க முடியவில்லை. யாருக்காக எழுந்திருப்பது? வில்லை எடுத்தால் கொட்டாவி வந்தது. ஒரு ஒத்திகையில் தலைவர் அவளை இரண்டு தடவை நிறுத்தினார்.

விட்டுவிடலாமா என்று கேட்க டீச்சரிடம் போனாள். டீச்சர் முந்திக்கொண்டாள்.

"உங்க அக்கா இங்க சேர்ந்திருக்காங்க, தெரியுமா? தாள் படிக்க. சின்னப் பிள்ளைங்களோட உட்கார்ந்து முதல் பாடத்திலேர்ந்து."

"அவளா?"

"எதுக்குன்னு கேட்டேன். பல்லைக் கடிச்சிட்டு உங்க பேரைச் சொன்னாங்க. எனக்கே பயமா இருக்கு. அவங்களுக்குத் திறமை எப்பவும் இருந்துச்சு. இப்பக் கோபமும் வந்துடுச்சு."

அவளுக்குக் காது சூடேறியது. உடம்பில் பழைய ரத்தம் திரும்பி ஓடுவதுபோல இருந்தது.

"வாரம் எத்தனை நாள் வர்றா?"

"மூணு நாள்."

"எனக்கு நாலு நாள் போடுங்க டீச்சர்."