அலை அடிக்காத ஏழு முழம்

எழுபத்து மூன்றாம் வருஷம் பிப்ரவரி ஒன்பதாம் தேதி காலையிலிருந்து, துபாய் க்ரீக்கில் ஞானசிங் ஓட்டிய படகைச் சுற்றி ஏழு முழத்துக்கு அலை அடிப்பது நின்றுபோனது. துறைமுகத்தில் வேலை பார்த்த வெள்ளைக்காரர் ஒருவர் கயிறு போட்டு அளந்தார். காற்று ஊளையிட்ட நாளிலும் ஏழு முழம், ஓய்ந்துகிடந்த நாளிலும் ஏழு முழம். அவர் நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த வாரம் லீவில் போய்விட்டார். ஊர்க்காரர்களுக்கு அளவுகோல் தேவைப்படவில்லை. இக்கரைத் தேராவிலிருந்து அக்கரை பர்துபாய்க்கு முட்டைத் தட்டு கொண்டுபோகிறவர்கள், நிலைக்கண்ணாடி வாங்கியவர்கள், மாதம் நிறைந்த பெண்கள் எல்லோரும் மற்றப் படகுகளை விட்டுவிட்டு அவன் படகுக்கே வரிசையில் நின்றார்கள். ஷமால் காற்று புரட்டியெடுக்கும் நாட்களில் போலீஸ் படகுத்துறையை மூடினாலும் அவனை மட்டும் போகச் சொல்லிவிடுவார்கள். அதிர்ஷ்டக்காரன் என்று அவன் காதுபடவே பேசிக்கொண்டார்கள். ஆடாத படகில் படுத்தால் கடல்காரனுக்குத் தூக்கம் வராது என்பதை அவர்களுக்கு யார் சொல்வது?

ஞானசிங் குளச்சல் பக்கத்துக் கடற்கரைக்காரன். விவரம் தெரிந்த நாளிலிருந்து கட்டுமரத்தில் போனவன். எழுபதில் இங்கே வந்து, ஈசா என்ற பலூச்சிக் கிழவரின் இரண்டு படகுகளில் ஒன்றை ஓட்ட ஆரம்பித்தான். கடலைப் படிக்கத் தெரிந்தவன் என்று பெயர் எடுத்ததும் அவனுக்கு இன்னொரு வேலையும் வந்து சேர்ந்தது. அந்த நாட்களில் காகிதம் இல்லாமல் ஊரிலிருந்து லாஞ்சில் ஆள் கொண்டுவருவது சகஜம். லாஞ்ச் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். க்ரீக் வாய்க்கு மேற்கே ஆளில்லாத மணலில் ஒருவன் நின்று கடலைப் பார்த்து, சரியாக இருக்கிறது என்று தோன்றினால் கம்பில் வெள்ளை வேட்டியைக் கட்ட வேண்டும். வேட்டியைக் கண்டதும் லாஞ்சிலிருந்து ஆட்களைச் சின்னப் படகில் ஏற்றிக் கரைக்கு அனுப்புவார்கள். இரண்டு வருஷமாக அந்த வேட்டி ஞானசிங்கினுடையது. ஒரு தடவைகூடத் தப்பியதில்லை.

பிப்ரவரியில் வந்த லாஞ்சில் அவன் தங்கை அன்னபாக்கியத்தின் புருஷன் தேவதாஸ் இருந்தான். பதின்மூன்று நாள் கடலில் கிடந்து, காய்ச்சலில் விழுந்து, தண்ணீர்கூட உள்ளே தங்கவில்லை என்று சேதி வந்திருந்தது. ஒன்பதாம் தேதி விடியும்போது தென்கிழக்கே தரையிலிருந்து வெதுவெதுப்பாக ஒரு காற்று வீசியது. குளச்சலில் அதற்குக் கரைக்காற்று என்று பெயர். அது வீசினால் குழந்தைகூடக் கட்டுமரத்தைத் தள்ளிக்கொண்டு கடலுக்குப் போகலாம். ஈசா தொழுகை முடித்து அந்தப் பக்கம் வந்தவர், இதற்குக் கௌஸ் என்று பேர், இது முன்னால் வந்து வாசலைத் திறந்துவிடும், பின்னாலேயே ஷமால் நுழையும், மாஃபி ஸபர், இன்றைக்கு யாரும் போக வேண்டாம் பாய், நாளை மறுநாள் பார்க்கலாம் என்று மூன்று பாஷையில் சொல்லிப் பார்த்தார். ஞானசிங்கின் தலைக்கு அது ஏறவில்லை. தாத்தா காலத்திலிருந்து பிழைக்கவைத்த காற்றை ஒரு கிழவர் சொன்னார் என்று சந்தேகப்பட அவனுக்கு மனசில்லை. காய்ச்சல்காரனைச் சீக்கிரம் கரையேற்ற வேண்டும் என்ற அவசரம் வேறு. வேட்டியைக் கட்டினான்.

பதினாலு பேர் சின்னப் படகில் இறங்கினார்கள். பாதி வழி வந்ததும் கரைக்காற்று சட்டென்று செத்தது. ஒரு பீடி பிடித்து முடிக்கும் நேரத்தில் வடமேற்கே வானம் மண் நிறமாகி, ஷமால் அவர்கள்மேல் விழுந்தது. மூன்று பேர் கரை சேர்ந்தார்கள். ஞானசிங் ஓடிப்போய்த் தன் படகை அவிழ்த்துக்கொண்டு க்ரீக் வாயைத் தாண்டியபோதுதான் அது நடந்தது. சுற்றிலும் பனை உயரத்துக்குத் தண்ணீர் எழும்பிக்கொண்டிருக்க, அவன் படகைச் சுற்றி மட்டும் தாம்பாளத்தில் ஊற்றிய எண்ணெயாகக் கிடந்தது. தேடுவதற்காக மாதா செய்த உபகாரம் என்று முதலில் நினைத்தான். மூன்று நாள் தேடினான். அலை புரட்டிப்போட்ட ஆறு உடல்களை மற்றவர்கள் எடுத்துப் பெயரில்லாமல் அடக்கினார்கள். அவனுடைய ஏழு முழத்துக்குள் ஒரு துணிகூட மேலே வரவில்லை. தேவதாஸ் கிடைக்கவே இல்லை. காகிதப்படி இந்த ஊருக்கு வந்தே சேராத ஆள் எப்படிச் சாக முடியும் என்று லாஞ்சில் ஆள் ஏற்றிய ஏஜென்ட் கேட்டான். அத்தோடு கலாஸ், எந்த வீட்டுக்கும் சேதி போகவில்லை.

அந்த வாரம் ஞானசிங் தங்கைக்குக் கடிதம் எழுதினான். கடல்மேல் நடந்தது எதையும் எழுதவில்லை. மாப்பிள்ளை சௌக்கியம், தோஹாவில் சைட் வேலை, பாஸ்போர்ட் கஃபீல் முதலாளி கையில் இருக்கிறது, லீவு கிடைக்காது என்று எழுதினான். ஒரு பொய்யைக் காப்பாற்ற மாதத்துக்கு ஒரு கடிதம் தேவைப்பட்டது. அவள் புருஷனுக்கு எழுதி இவன் விலாசத்துக்கு அனுப்பியவற்றைப் பிரிக்காமல் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டுவைத்தான். இப்படி ஐந்து வருஷம் போனது. இதற்குள் க்ரீக்குக்கு அடியில் சுரங்கப்பாதை வந்தது, கரையில் உயரக் கட்டடங்கள் வந்தன. அன்னபாக்கியம் ஊரில் கோயிலுக்குக் கலர் சேலையில் போய்க்கொண்டிருந்தாள், கழுத்தில் தாலி இருந்தது.

எழுபத்தெட்டில் அவளே ஒரு ஆஸ்பத்திரியில் ஆயா வேலைக்கு விசா வாங்கி வந்து இறங்கினாள். நாலு நாள் லீவு கிடைத்தால் தோஹாவுக்குப் போய்ப் பார்த்துவிடலாம் என்று திட்டம். தேவதாஸுக்கென்று நெத்திலிக் கருவாடு கட்டிக்கொண்டு வந்திருந்தாள். மத்தியானம் ஞானசிங் அவளைப் படகில் ஏற்றினான். கடல்காரன் மகள் அல்லவா, உட்கார்ந்த உடனே கையைத் தண்ணீரில் விட்டாள். நடு க்ரீக்கில் மற்றப் படகுகள் குதித்துக்கொண்டு போவதையும் பார்த்தாள். இந்தத் தண்ணீருக்கு என்ன வந்தது என்று கேட்டாள். அவனால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. எஞ்சினை அணைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னான்.

அவள் தண்ணீரிலிருந்து கையை எடுத்துச் சேலையில் துடைத்தாள்.

"கரைக்காத்தா அடிச்சுது?" என்று கேட்டாள்.

"ஆமா."

"அப்ப நானும் வேட்டியக் கட்டத்தான் சொல்லியிருப்பேன். காத்தப் பாத்துத் தப்பாச் சொல்லுறது யாருக்கும் வரும் அண்ணே. காயிதம் எழுதும்போது ஒனக்கு எந்தக் காத்து அடிச்சுது?"

அன்றைக்கு ஞானசிங்கைப் பார்க்கச் சகிக்கவில்லை என்று எதிர்ப்படகில் வந்த ஈசா பின்னால் சொன்னார்.

அவள் சண்டை போடவில்லை. வேலைதான் சொன்னாள். செத்தவர்கள் பதினோரு பேர், பதினோரு வீடு. ஏஜென்டைப் பிடித்து விலாசம் வாங்கி, ஒவ்வொரு வீட்டுக்கும் நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும், வேட்டி கட்டியது யார் என்பதையும் சேர்த்து. கடைசிக் கடிதம் அவளுக்கு. வாயால் சொன்னதை அவள் ஏற்றுக்கொள்ளவில்லை. கடிதத்தில் உயிரோடு இருந்த மனுஷன் கடிதத்தில்தான் சாக வேண்டும் என்றாள். அது வரும்வரை தாலியைக் கழற்றவும் மாட்டாள், அழவும் மாட்டாள். ஆடாத படகில் உட்கார்ந்து ஞானசிங் எழுதினான். பத்து வீட்டுக்கு எழுத இரண்டு மாதம் ஆனது. சில வீடுகளிலிருந்து சாபம் வந்தது, ஒரு வீட்டிலிருந்து வெற்றுக் காகிதம் வந்தது. எல்லாவற்றையும் அவனே பிரித்துப் படித்தான். அன்னபாக்கியம் அந்த இரண்டு மாதமும் ஈசாவின் படகில் டூட்டிக்குப் போய்வந்தாள்.

பதினோராவதை ஆஸ்பத்திரி விலாசத்துக்குத் தபாலில் போட்டான். அக்கரைக்குப் போக அதற்கு ஆறு நாள் பிடித்தது. ஏழாம் நாள் சாயங்காலம் அவள் வெள்ளைச் சேலையில், வெறும் கழுத்தோடு துறைக்கு வந்தாள். ஈசாவின் படகு காலியாகத்தான் நின்றது. அதைத் தாண்டி வந்து ஞானசிங்கின் படகில் ஏறி உட்கார்ந்தாள். அவனுக்கு உள்ளுக்குள் ஒரு நினைப்பு இருந்தது, எல்லாக் கடிதமும் போய்விட்டதே, இன்றைக்கு அலை திரும்பும் என்று. கயிற்றை அவிழ்த்தான். ஏழு முழமும் அப்படியே கூட வந்தது.

"எஞ்சின நிறுத்து அண்ணே," என்றாள் நடுவில். "நான் இன்னும் அழல."

அவன் நிறுத்தினான். படகில் முட்டைக்காரர் இருவரும் ஒரு நர்ஸும் இருந்தார்கள். யாரும் அவசரப்படுத்தவில்லை. மற்றப் படகுகள் வழி ஒதுங்கிப் போயின. பொழுது சாய்ந்து மஃரிப் பாங்கு சொல்லும்வரை அவள் அழுதாள், அதற்குப் பிறகு அவன் எஞ்சினை முடுக்கி எல்லோரையும் அக்கரையில் இறக்கிவிட்டான்.